வரிசை வேண்டாதவரின் வரிசை

விளையாட்டு விக்கிகளில் கட்டுரை அமைப்புக்கு விதி எதற்கு, அவரவர் தமக்குத் தோன்றிய வரிசையில் எழுதிவிட்டுப் போகட்டுமே என்று சென்ற இதழில் வாதாடியிருக்கும் நண்பர், அந்த வாதத்தை உபதலைப்பு பிரித்து, எண்ணிட்டு, முன்னுரையை முன்னாலும் முடிவுரையைப் பின்னாலும் வைத்து எழுதியிருக்கிறார். தம் எழுத்துக்கு ஒழுங்கு தேவைப்படுகிறது. ஊரார் எழுத்துக்கு வந்தால் அதே ஒழுங்கு கைவிலங்காகிவிடுகிறது. இத்தோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். கட்டுரையின் கடைசியில், எல்லா விளையாட்டு விக்கிகளுக்கும் பொருந்தும் என்று தாமே ஒரு மாதிரி அமைப்பை வரைந்து, அதையே யாவரும் பின்பற்றலாம் என்று சிபாரிசும் செய்கிறார். விதி கூடாது என்று தொடங்கியவர் தம் விதியோடு முடிக்கிறார் என்றால், நடுவில் ஏதோ கைமாறியிருக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

அமைப்பு என்பது ஒப்பனை, உள்ளடக்கமே உயிர் என்பது அவருடைய முதல் துணிபு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'உயிர்', 'உடல்' என்று பேசத் தொடங்கினால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? ஆனால் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விக்கியில் ஓர் அரக்கனின் பக்கத்தை ஒருமுறையாவது தொகுத்துப் பார்த்தவர் இப்படி எழுதியிருக்க முடியாது. அபிஸல் டீமனைக் கொன்றால் 512-க்கு ஒன்று என்ற வாய்ப்பில் அபிஸல் விப் என்ற சாட்டை கிடைக்கும். இந்தத் தகவலை அந்தப் பக்கத்தில் அதற்கென்று உள்ள பகுதியில், அதற்கென்று உள்ள வார்ப்புருவில் ஒரு வரியாக இட்டால், சாட்டையின் பக்கத்தில் 'எங்கே கிடைக்கும்' என்ற அட்டவணையில் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒருவர் ஓரிடத்தில் எழுதுகிறார், அவர் பார்த்தேயிராத இன்னொரு பக்கம் திருந்துகிறது. அதே தகவலை நண்பர் பரிந்துரைக்கும் சுதந்திரமான நடையில், மூன்றாவது பத்தியின் நடுவில், அழகான வாக்கியமாக எழுதிவையுங்கள். சாட்டையின் பக்கத்துக்கு அந்த அரக்கன் பிறந்ததே தெரியாது. எந்தத் தகவல் எந்த இடத்தில் என்ற ஏற்பாட்டின் மேல் அந்த விக்கியின் பாதி அறிவு நிற்கிறது. இதற்குப் பெயர் ஒப்பனை என்றால், வீட்டுக்கு உத்தரமும் ஒப்பனைதான்.

மைன்கிராஃப்ட் விக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரே அடிக்கடி அதைத்தான் தொட்டுப் பேசுகிறார். 2009-ல் தொடங்கிய அந்த விக்கியில் ஒரு கட்டையின் பக்கம் எப்படி அமைய வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த வரிசை இருக்கிறது. வலப்பக்கம் தகவற்பெட்டி, மேலே சுருக்கமான அறிமுகம், அடுத்து பெறும் வழி, அப்புறம் பயன்பாடு, ஒலிகள், தரவு மதிப்புகள்; கீழே வரலாறு, பிழைகள், துணுக்குகள், படங்கள், மேற்கோள்கள். இந்த வரிசையை ஏதோ குமாஸ்தா மூளையில் உதித்தது என்று நண்பர் எள்ளுகிறார். விளையாட்டின் நடுவில், திரையின் மறுபாதியில் விக்கியைத் திறந்துவைத்திருப்பவன் முதலில் என்ன கேட்பான்? இது எங்கே கிடைக்கும் என்று கேட்பான். கிடைத்த பின் என்ன கேட்பான்? இதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்பான். இந்தக் கட்டையின் உள் எண் என்ன என்று கேட்பவன் அநேகமாகக் கட்டளை எழுதுகிறவன். அவன் கொஞ்சம் கீழே இறங்கி வரத் தயங்கமாட்டான். வாசகனின் தேவை எந்த அவசரத்தோடு வருகிறதோ அந்த அவசரத்தின் வரிசையில் பகுதிகள் நிற்கின்றன. குமாஸ்தா மூளைக்கு இவ்வளவு மனித சுபாவம் தெரிந்திருக்கிறதே என்று வியக்க வேண்டிய இடத்தில் நண்பர் நகைக்கிறார்.

இந்த இடத்தில்தான் அவர் நன்னூலைத் துணைக்கு அழைக்கிறார். நூலின் பத்தழகில் முதலாவது சுருங்கச் சொல்லல்; ஆகவே விளையாட்டுக்காரனுக்கு வேண்டிய விடையைப் பெட்டியில் போட்டு உரைநடையை ஒழித்துவிட வேண்டுமாம். பவணந்தியார் பத்து எண்ணினார். இவர் ஒன்றோடு நிறுத்திவிட்டார். இன்னும் ஆறு படி இறங்கியிருந்தால் ஏழாவதாக முறையின் வைப்பு என்ற ஓர் அழகைச் சந்தித்திருப்பார், கட்டுரை எழுதும் சிரமமும் மிச்சமாகியிருக்கும். அதே நூல் பத்துக் குற்றங்களையும் எண்ணியிருக்கிறது. அதில் நான்காவது மாறுகொளக் கூறல். அதை அவர் மேற்கோள் காட்டாததன் காரணம் வாசகருக்குத் தெரியும்.

சரி, எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைத்துவிடலாம் என்ற யோசனைதான் என்ன? பெட்டி நல்ல கருவிதான். மைன்கிராஃப்டில் வைரத் தாதுவை உடைக்க இரும்பு பிக்ஆக்ஸோ அதைவிட மேலானதோ வேண்டும். இதற்குப் பத்தி எழுத வேண்டியதில்லை, பெட்டியில் ஒரு படம் போதும். ஆனால் விதர் என்ற அசுரனின் உயிர் எவ்வளவு? ஜாவா பதிப்பில் 300. பெட்ராக் பதிப்பில் ஈஸி நிலையில் 300, நார்மலில் 450, ஹார்டில் 600. பாதி உயிர் போனதும் ஜாவாவில் அம்பு பாயாத கவசம் வந்துவிடுகிறது. பெட்ராக்கில் நார்மல், ஹார்ட் நிலைகளில் அதற்கு மேல் ஒரு வெடிப்பும், துணைக்கு விதர் எலும்புக்கூடுகளும் வருகின்றன. இப்போது இதைப் பெட்டியில் அடையுங்கள் பார்ப்போம். எண்களை அடைக்கலாம், 'ஆனால்', 'இந்த நிலையில் மட்டும்', 'அதற்குப் பிறகு' என்பவற்றை எந்தக் கட்டத்தில் அடைப்பது? நிபந்தனை உள்ள உண்மைக்கு வாக்கியம் வேண்டும். வாக்கியத்துக்கு இடம் வேண்டும். இடத்துக்குத் தலைப்பு வேண்டும். பெட்டியை மட்டும் படித்துவிட்டு 300 என்று நம்பி பெட்ராக்கில் ஹார்ட் நிலையில் விதரை எழுப்பியவன் செத்து எழுந்து வந்து நண்பரைத் தேடினால் நான் பொறுப்பல்ல.

கதை சொல்லும் விளையாட்டுகளில் பெட்டி மோகம் இன்னும் மோசம். ஒரு பாத்திரத்தின் பெயரைச் சரிபார்க்கப் பக்கத்தைத் திறந்தவனின் கண்ணில் முதலில் படுவது வலப்பக்கத்தில் 'நிலை: இறந்தவர்' என்ற வரி. நாற்பது மணிநேரம் விளையாடி அடைய வேண்டிய அதிர்ச்சியை அரை நொடியில் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சுருங்கச் சொல்லலாம், மறுப்பில்லை. எதை முதலில் சொல்வது என்று யோசிக்காமல் சுருக்கியதன் விளைவு அது.

அடுத்து, வரலாற்றுப் பகுதி. இங்கேதான் நண்பரின் வாள் மிக உயரமாக எழுகிறது. இன்றைய விளையாட்டுக்கு இன்றைய தகவல் போதும், எந்தப் பதிப்பில் என்ன மாறியது என்ற பட்டியல் குப்பை, அதை முற்றாக நீக்கிவிட வேண்டும் என்கிறார். சொல்லிவிட்டு, இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வைரத் தாதுவுக்கு ஒரு மாதிரிப் பக்கம் வரைந்து காட்டுகிறார். வரலாறு இல்லை, மிச்சமெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. அதில் வைரம் தோண்டச் சிறந்த உயரம் 11 என்று போட்டிருக்கிறார்.

வாசகர் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம் இது. 11 என்பது பொய்யல்ல. பல வருஷம் அதுதான் சரியான விடை. 2021 நவம்பர் 30-ல் வெளியான 1.18 பதிப்பில் உலகத்தின் அடித்தளம் பூஜ்யத்திலிருந்து -64-க்கு இறங்கியது, உச்சி 320-க்கு ஏறியது, தாதுக்கள் பரவியிருக்கும் கணக்கும் அடியோடு மாறியது. இப்போது வைரம் 16-க்குக் கீழே தொடங்கி, இறங்க இறங்கப் பெருகுகிறது; -59-ஐ ஒட்டித் தோண்டுவதுதான் பயன். நண்பரின் பேச்சைக் கேட்டு 11-ல் சுரங்கம் வெட்டுகிறவன் ஒன்றிரண்டைப் பார்க்கலாம். அதற்குள் அவனுடைய பிக்ஆக்ஸ்கள் தேய்ந்து முடிந்திருக்கும். இந்தப் பிழை அவருக்கு எப்படி வந்தது? எங்கோ ஒரு பழைய எண்ணை எடுத்திருக்கிறார். அது எந்தப் பதிப்பின் எண் என்று சொல்லும் பகுதி அங்கே இல்லை, அல்லது இருந்தும் குப்பை என்று அவர் படிக்கவில்லை. வரலாற்றுப் பகுதி எதற்கு என்று கேட்டவருக்கு அவருடைய மாதிரிப் பக்கமே பதில் சொல்லிவிட்டது. இதற்கு மேல் நான் எழுதுவது கூறியது கூறல் ஆகும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இன்னொரு கூட்டத்தை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

எல்லாரும் இன்றைய பதிப்பில் விளையாடுகிறார்கள் என்று இவருக்கு யார் சொன்னது? மாட் தொகுப்புகளுக்காக 1.7.10-லும் 1.12.2-லும் தங்கிவிட்டவர்கள் இன்றும் உண்டு. 2016-ல் 1.9 வந்து, வாளை வீசியதும் அடுத்த வீச்சுக்குக் காத்திருக்க வேண்டும் என்று ஆக்கியபோது, அந்தச் சண்டை முறை பிடிக்காமல் 1.8-லேயே நின்றுவிட்டவர்கள் ஒரு பெருங்கூட்டம். அவர்களுக்கென்றே சர்வர்கள் ஓடுகின்றன. அவர்களுக்கு 11 இன்றும் சரி. அப்படியானால் -59-ஐப் பெறும் வழியிலும், 11-ஐ வரலாற்றிலும், எந்தப் பதிப்பு என்ற முத்திரையோடு வைப்பதைவிட நேர்மையான ஏற்பாடு எது? இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றையொன்று மிதிக்காமல். எதையும் அழிக்கவில்லை, எதையும் கலக்கவில்லை. இந்த இருப்பிடப் பங்கீட்டைச் செய்வது எது? அவர் ஒப்பனை என்று ஒதுக்கிய அதே அமைப்பு.

துணுக்குகள் பகுதியைப் பற்றி மட்டும் அவரோடு எனக்குச் சண்டையில்லை. எங்கே வைப்பது என்று தெரியாததையெல்லாம் கொட்டிவைக்கும் பரண் அது. ஆனால் அவர் அங்கே எடுத்துக்காட்டும் தகவலைப் பாருங்கள்: மைன்கிராஃப்டை உருவாக்கிய நாட்ச் பன்றி உருவத்தைச் செய்யப்போய், உயரத்தையும் நீளத்தையும் மாற்றிப் போட்டுவிட்டதில் பிறந்ததுதான் க்ரீப்பர். இதை நீக்க வேண்டும் என்கிறார். ஐயா, இது துணுக்கில் கிடப்பதுதான் தவறு. இது க்ரீப்பர் பக்கத்தின் வரலாற்றில் முதல் வரியாக நிற்க வேண்டிய செய்தி. இடம் தவறிய பொருளை இடம் மாற்றுவது ஒரு வழி, கொளுத்துவது இன்னொரு வழி. வரிசையில் நம்பிக்கை இல்லாதவருக்கு இரண்டாவது வழிதான் தெரியும் போலிருக்கிறது.

ஒரே பக்கத்தில் எல்லாம் இருக்க வேண்டும், பிரித்துப் பிரித்து வாசகனை அலைக்கழிக்கக்கூடாது என்ற அவருடைய புலம்பலுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1995 முதல் எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளைத் தொகுத்துவரும் யூஈஎஸ்பி தளம், விக்கியாக மாறிய பின், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பெயர்வெளி, புராணத்துக்குத் தனியே ஒரு பெயர்வெளி என்று பிரித்து வைத்திருக்கிறது. ஸ்கைரிமில் ஆல்டுயினை எப்படி வீழ்த்துவது என்பது ஒரு பக்கம். ஆல்டுயின் யார் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் கிடைப்பது எவருக்கும் உதவாத கூழ். பல்பபீடியாவில் போகிமான் பக்கங்கள் நீளமானவை என்பது உண்மை. அதனால்தான் பழைய தலைமுறைகளின் தாக்குதல் பட்டியல்களைத் துணைப் பக்கங்களுக்கு அனுப்பினார்கள். அவர் நீளத்தைக் கண்டிக்கிறார், நீளத்தைக் குறைக்கக் கண்ட வழியையும் கண்டிக்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

இனி அவருடைய கண்ணீர்ப் பகுதிக்கு வருவோம். அமைப்பு விதிகள் தன்னார்வலர்களை விரட்டுகின்றன. புதிதாக வந்த பையன் ஆர்வத்தோடு எழுதியதை மூத்த தொகுப்பாளர் தூக்கி வேறிடத்தில் போட்டால் அவன் மனம் உடைந்துபோகும். உடையும்தான். துணுக்குகள் படங்களுக்கு மேலேயா கீழேயா என்று உரையாடல் பக்கத்தில் வாரக்கணக்கில் மல்லுக்கட்டும் பெரியவர்களும் உண்டு; அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் விதி இல்லாத விக்கியில் அந்தப் பையனின் கதி என்ன? அங்கேயும் அவன் எழுதியது தூக்கி எறியப்படும்; காரணம் மட்டும் சொல்லப்படாது. எழுதிவைத்த வரிசை இருந்தால், நேற்று வந்தவன் அதைக் காட்டி, பத்து வருஷமாக இருப்பவரிடம் 'நீங்கள் வைத்த இடம் தவறு' என்று சொல்லலாம். எழுதிவைக்காத இடத்தில் மூத்தவரின் ருசியே சட்டம். விதியை எதிர்ப்பவர் சுதந்திரத்தின் கட்சி என்று எப்போது முடிவாயிற்று? பல சமயம் அவர் தம் ருசிக்குப் போட்டி வேண்டாம் என்கிறவர், அவ்வளவே.

நண்பரின் ருசி எது என்று அவருடைய மாதிரி அமைப்பே காட்டிக்கொடுக்கிறது. மேலே பெட்டி. அதன் கீழே தானாக ஓடும் காணொளி. அப்புறம் ஓர் அட்டவணை. அப்புறம் 'உங்களுக்குப் பிடிக்கக்கூடிய பக்கங்கள்'. வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு பத்தி காலியாக இருக்கிறது. எதற்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிகிறது. தோற்றத்தை விக்கியை நடத்தும் நிறுவனத்தின் வல்லுநர்களிடம் விட்டுவிட வேண்டும், தொகுப்பாளர்கள் எழுதுவதோடு நின்றால் போதும் என்று அவர் ஏன் அவ்வளவு பரிவோடு எழுதுகிறார் என்பதும் இங்கே விளங்குகிறது. வெற்றியை அளக்க அவர் சொல்லும் கோல், வாசகன் பக்கத்தில் தங்கும் நேரம். இரண்டாம் பகுதியில் வாசகன் ஐந்து நொடியில் விடையோடு போய்விட வேண்டும் என்றாரே, அதே கையால் ஐந்தாம் பகுதியில் அவன் அதிக நேரம் தங்க வேண்டும் என்று எழுதுகிறார். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். எந்த வாசகனைப் பற்றிப் பேசுகிறார்? விரைவாகப் போக விரும்புகிறவன் ஒருவன், அவனைப் போகவிடாமல் காசு பார்க்க விரும்புகிறவர் இன்னொருவர். முதலாமவனின் பெயரைச் சொல்லி இரண்டாமவருக்குப் பரிந்து பேசுவதைத்தான் அவர் எளிமை என்று அழைக்கிறார்.

தோற்றத்தை நிறுவனத்திடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வெளிவந்த அதே நவம்பர் 2004-ல் தொடங்கியது வாவ்விக்கி. பின்னர் விக்கியா நிறுவனத்தின் கூரைக்குள் போனது. 2010-ல் விக்கியா எல்லா விக்கிகளுக்கும் ஒரே புதிய தோற்றத்தை அணிவித்தது: உள்ளடக்கத்துக்கு நிலையாகப் பூட்டிய அகலம், வலப்பக்கம் ஒரு பத்தி. ரெய்டு அதிபதிகளின் கொள்ளைப் பட்டியல்களையும் ஆற்றல் அட்டவணைகளையும் அகலமாக விரித்து வைத்திருந்த தொகுப்பாளர்களுக்குத் தங்கள் பக்கங்கள் நெரிக்கப்படுவது தெரிந்தது. வாதாடிப் பார்த்தார்கள். அக்டோபர் 2010-ல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கர்ஸ் நிறுவனத்திடம் போய் வாவ்பீடியாவைத் தொடங்கினார்கள். ஒப்பனைக்காக யாராவது வீடு மாறுவார்களா? விதியின் குரூரம் பாருங்கள்: ஃபேண்டம் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே விக்கியா, டிசம்பர் 2018-ல் கர்ஸின் விக்கிகளை மொத்தமாக வாங்கியது. ஓடிப்போனவர்கள் இருந்த இடத்திலேயே பழைய வீட்டுக்காரரிடம் வந்து சேர்ந்தார்கள். 2021 வாக்கில் மறுபடி ஒரே தோற்றம், மறுபடி வலப்பக்கப் பத்தி. 2023-ல் அவர்கள் மறுபடி கிளம்பி வார்கிராஃப்ட் விக்கி என்ற பெயரில் வேறிடம் போனார்கள். ரூன்ஸ்கேப் விக்கி அக்டோபர் 2018-லேயே வெளியேறியிருந்தது. மைன்கிராஃப்ட் விக்கி செப்டம்பர் 2023-ல் வெளியேறியது. விளம்பரமும் வேகமும் நிர்வாகமுமாகக் காரணங்கள் பல என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காரணங்களில் ஒன்றுகூட, நண்பர் சொல்வதுபோல் எழுதுவதோடு நிற்கச் சம்மதித்தவர்களுக்குத் தோன்றியிருக்காது.

வெளியேறுவது சுலபமும் அல்ல. எழுத்து திறந்த உரிமத்தில் இருப்பதால் பிரதி எடுத்துக்கொண்டு போகலாம். பழைய விக்கியோ மூடப்படாமல் அங்கேயே கிடக்கும், தேடுபொறி அதையே முதலில் காட்டிக்கொண்டிருக்கும். ஆளில்லாத பக்கம், பழைய எண், பளிச்சிடும் விளம்பரம். நண்பருக்கு 11 எங்கிருந்து கிடைத்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. அதைச் சொல்லாமல் விடுகிறேன்.

மைன்கிராஃப்ட் விக்கியின் அந்த வரிசை சரியில்லை என்று அவர் உண்மையாகவே நினைத்தால் அதை மாற்றுவதற்கு வழி இருக்கிறது. அமைப்பு விதிப் பக்கத்துக்கும் ஓர் உரையாடல் பக்கம் உண்டு. கணக்கு எதுவாக இருந்தாலும் முன்மொழியலாம். மூன்று நிபந்தனைகள்: எந்தப் பகுதியை எங்கே நகர்த்துவது என்று சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும், கடைசியில் நான்கு அலைக்குறிகள் இட்டுக் கையொப்பமிட வேண்டும். மூன்றாவது மட்டுமாவது அவருக்குச் சிரமமாக இராது.